'மகாராஜா கார்' என்று விற்க வந்தால் முதலில் சேசிஸ் நம்பரைக் கேளுங்கள்

பழைய கார் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள், அதிலும் அரண்மனை வண்டி தேடுபவர்கள், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

நான் வாங்கியது 1934 மாடல் ரோல்ஸ் ராய்ஸ் 20/25 லிமோசின். மும்பை புரோக்கர் ஒருவர் மூலம் வந்தது. சௌராஷ்டிரத்துக் குட்டி சமஸ்தானம் ஒன்றின் ராஜா லண்டனில் ஆர்டர் கொடுத்தாராம். 1971-ல் ராஜாக்களுக்கு அரசு கொடுத்துவந்த மன்னர் மானியம் ஒழிந்ததும் வண்டி வெளியே வந்ததாம். இந்தக் கதை எடுபடுவதற்குக் காரணமே அதில் பாதி உண்மை இருப்பதுதான். மானியம் நின்றதும் அரண்மனைக் கார்கள் பல விற்பனைக்கு வந்தது நிஜம். அந்தப் பகுதியில் இருநூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்ததும் நிஜம். எந்த ராஜாவின் வாரிசை எங்கே போய்த் தேடுவது?

ஆதாரம் என்று புரோக்கர் மூன்றைக் காட்டினார்: நோட்டரி முத்திரையோடு ஒரு வாரிசுக் கடிதம், கதவில் தங்க நிறத்தில் ராஜ சின்னம், காரின் பக்கத்தில் ராஜா நிற்கும் கறுப்பு வெள்ளைப் போட்டோ. இவற்றைச் சொல்லியே விலையை ஏற்றினார்.

வண்டி வந்தபின் எங்கள் மெக்கானிக் கதவைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். புதிதாகப் பட்டி பார்த்த இடத்தின் மேல்தான் அந்தச் சின்னத்தை வரைந்திருக்கிறார்கள். போட்டோவைப் பெரிதாக்கினால், அதிலுள்ள காருக்குப் பக்கத்துக்கு மூன்று ஜன்னல். என்னுடையதற்கு இரண்டு!

அந்தக் காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி சேசிஸும் (காரின் அடிச்சட்டம்) இன்ஜினும்தான் கொடுக்கும். பாடி கட்டுவது ஹூப்பர், பார்க்கர் போன்ற வேறு கம்பெனிகள். ஒவ்வொரு சேசிஸ் நம்பருக்கும் ஓர் அட்டை உண்டு. முதலில் வாங்கியவர் யார், பாடி கட்டியது யார் எல்லாம் அதில் இருக்கும். இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் உள்ள ரோல்ஸ் ராய்ஸ் ஆர்வலர் சங்கத்திடம் பணம் கட்டி நகல் வாங்கினேன். முதல் சொந்தக்காரர் லங்காஷயரில் ஒரு மில் முதலாளி. இந்தியா என்ற பெயரே அட்டையில் இல்லை.

புரோக்கருக்கு போன் போட்டால், "நீங்க வாங்கினது வண்டியைத்தானே? அது ஓடுதில்ல?" என்கிறார்.

இன்னொரு புளுகு: கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டே போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்றார். 2021 மோட்டார் வாகன விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் வண்டிகளுக்கான 'விஏ' (VA) நம்பர் வரிசையில் பதியலாம், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை வைத்துத் தொழில் செய்ய முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ரேலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம்.

போலீஸில் மோசடிப் புகார் கொடுத்திருக்கிறேன். இதற்கிடையே அதே போட்டோ இப்போது ஒரு பேக்கார்டு காருக்காக வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறது. உங்களுக்கும் வந்தால், சேசிஸ் பிளேட்டைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். என் அட்வான்ஸ் தன் கைக்கு வரும்வரை புரோக்கர் எனக்கு அதை மட்டும் அனுப்பவில்லை. "பெயின்ட் மூடியிருக்கு சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.