மெயில் வடிகட்டியில் தானாக உருவாகும் கணக்குகள்: நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் இருக்கும் எங்கள் சரக்கு கம்பெனியின் ஐடி வேலையை நான்தான் பார்க்கிறேன். வெளியிலிருந்து வரும் மெயில் முதலில் ஒரு வடிகட்டல் சேவைக்குப் போய், ஸ்பாம் கழிந்த பிறகே எங்கள் மெயில் பெட்டிகள் இருக்கும் மைக்ரோசாஃப்ட் 365-க்கு வரும். அந்தச் சேவையில் ஆளுக்கொரு கணக்கு வேண்டும், கட்டணமும் ஆள் கணக்குதான். டிரைவர்களும் கிடங்கு ஊழியர்களும் அடிக்கடி மாறும் இடத்தில் இதைக் கையால் செய்வது பெரும்பாடு. அதனால் தானாகக் கணக்கு உருவாக்கும் இரண்டு வழிகளையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன்.

முதல் வழி, மெயில் வந்தால் கணக்கு. புதிய முகவரிக்கு ஏதாவது வந்ததும் வடிகட்டி நம் சர்வரிடம் "இப்படி ஒருவர் இருக்கிறாரா?" என்று கேட்கும். 250 என்று பதில் வந்தால் ஆள் உண்டு, 550 என்றால் இல்லை. ஆரம்பத்தில் இது பெரிய உதவி. ஒரு பட்டியலும் தயாரிக்காமல் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஆனால் எந்த முகவரிக்கும் 'உண்டு' என்று சொல்லும் கேட்ச்-ஆல் ஏற்பாடு உள்ள டொமைனில் இதைத் தொடவே கூடாது. ஸ்பாம் அனுப்புகிறவர்கள் அகராதியை வைத்துக்கொண்டு பெயர் பெயராக அனுப்பிப் பார்ப்பார்கள். அந்தப் பெயர்களெல்லாம் கணக்காகி பில்லில் வந்து உட்காரும்.

கேட்ச்-ஆல் இல்லாத எங்களுக்கும் தொல்லை வந்தது, வேறு ரூபத்தில். கணக்குப் பிரிவு அக்கா ஒருநாள் வந்து, "தம்பி, நிறுத்தி வச்ச மெயில் பட்டியல் எனக்கு மட்டும் ஏன் மூணு தடவை வருது?" என்றார். அவர் பெயரில் ஒன்று, கல்யாணத்துக்கு முந்தைய பெயரில் ஒன்று, இன்வாய்ஸ் வாங்க ஒன்று என மூன்று முகவரிகள். பெட்டி ஒன்றுதான், ஆனால் வடிகட்டிக்கு அவர் மூன்று பேர்.

அப்புறம்தான் இரண்டாவது வழியான டைரக்டரி ஒத்திசைவுக்கு மாறினோம். கம்பெனியின் ஊழியர் பட்டியலை வடிகட்டி அவ்வப்போது படித்து, தன் கணக்குகளை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும். அதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். ஆக்டிவ் டைரக்டரி என்ற அந்தப் பட்டியலில் ஒருவரின் முகவரிகள் எல்லாம் ஒரே இடத்தில் வரிசையாக இருக்கும். முன்னால் SMTP என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தால் அது முதன்மை முகவரி, smtp என்று சின்ன எழுத்தில் இருந்தால் மாற்று முகவரி. வடிகட்டி இதைப் படித்து மூன்றையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டது. அக்காவுக்கு இப்போது ஒரே பட்டியல்தான் வருகிறது.

கணக்கு உருவாக்குவதைவிட நீக்குவதுதான் இதில் முக்கியம் என்பது என் கருத்து. மெயில் வந்தால் கணக்கு என்ற வழிக்கு ஒருவர் வேலையை விட்டுப் போனது தெரியவே தெரியாது. டைரக்டரியில் அவரை முடக்கினால் ஒத்திசைவின் அடுத்த சுற்றிலேயே வடிகட்டியிலும் கணக்கு மூடப்படுகிறது. சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தேவை முடிந்த பிறகு ஒருவரின் தகவலை வைத்திருக்கக் கூடாது. போனவரின் மெயில்கள் வடிகட்டியில் தேங்கிக் கிடப்பது சரியல்ல.

குறை இல்லாமல் இல்லை. ஸ்கேனருக்கென்று வைத்த முகவரியையும் இது ஆளாக எண்ணிக் கட்டணம் போடுகிறது. அப்படிப்பட்டவற்றைத் தனிக் குழுவில் போட்டு, அந்தக் குழுவை ஒத்திசைவிலிருந்து விலக்கி வைத்திருக்கிறேன். புதிதாகச் சேர்கிறவருக்கு முதல் நாள் காலையிலேயே மெயில் வேண்டுமென்றால், அடுத்த சுற்றுக்குக் காத்திருக்காமல் நானே உள்ளே போய் ஒத்திசைவை ஓடவிடுகிறேன்.