தம்பி கல்யாணத்துக்கு சீர் செஞ்ச அருமைக்காரர் பத்தி (ஸ்டார் கடைசில)

போன வைகாசில காங்கேயம் பக்கம் ஒரு மண்டபத்துல எங்க தம்பி கல்யாணம் நடந்துச்சு. மண்டபம், பந்தி, போட்டோக்காரங்க பத்தியெல்லாம் ஆளாளுக்கு எழுதறாங்க, நான் சீர் செஞ்சு வெச்ச அருமைக்கார அப்பிச்சிய (தாத்தாவ) பத்தி மட்டும் எழுதறேன், ஏன்னா இப்பெல்லாம் யார கேட்டாலும் அருமைக்காரர் கெடைக்கறதில்லீங்கன்னுதான் சொல்றாங்க.

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு வார்த்த. எங்க கொங்கு கவுண்டர் ஊட்டு கல்யாணத்துல பழைய முறைப்படி சீரெல்லாம், அதாவது சடங்கெல்லாம், நடத்தி வெக்கறவருதான் அருமைக்காரர். பூசாரியெல்லாம் இல்லீங்க, அவரும் காடு தோட்டம்னு பாத்துட்டு இருக்கற குடியானவர்தான். கல்யாணமாகி கொழந்தகுட்டி பெத்து, அதுக்குன்னு ஒரு சீர் செஞ்சு அருமை ஏறியிருக்கோணும். அருமைக்காரியம்மாவும் கூடவே வருவாங்க.

மொதல்ல எங்க சித்தப்பா ஒரு ஈவண்ட் ஆளுங்ககிட்ட விசாரிச்சாரு. 'ட்ரெடிஷனல் சீர் பேக்கேஜ்' 28 ஆயிரமாம், போட்டோ காட்டுனாங்க, அதுல நாட்டுக்கல்லு தெர்மாகோல்ல செஞ்சு பெயிண்ட் அடிச்சு வெச்சிருந்தாங்க. தெர்மாகோலுங்க! நாட்டுக்கு சாட்சியா நடற கல்லு அது, காத்தடிச்சா பறந்து போயிரும். எங்கப்பா டீய பாதில வெச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டாரு.

அப்பறம்தான் இந்த அப்பிச்சிய புடிச்சோம். மொத நாள் மத்தியானம் நாலு மணிக்கே வந்தாச்சு. கையில பேப்பர் கெடையாது ஒண்ணும் கெடையாது, சாமானெல்லாம் ஒரு நோட்டம் விட்டுட்டு "பேழைமூடி எங்க சாமி?"ன்னாரு. சீருக்கு வெக்கற பேழையோட, அதான் பெட்டியோட மூடிங்க அது. நாங்க திருதிருன்னு முழிச்சோம், மச்சான் ஸ்கூட்டர எடுத்துட்டு பக்கத்து ஊருல பெரியம்மா ஊட்டு அட்டாலில இருந்து எறக்கிட்டு வந்தாரு.

இணைச்சீருக்கு நாந்தான் உக்காந்தேன், மாப்பிள்ளைக்கு கூடப்பொறந்தவ இல்லீங்களா. இத்தன கல்யாணம் பாத்திருக்கேன், இது எதுக்குன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. இவரு குனிஞ்சு மெதுவா சொன்னாரு, "ஊட்டுக்கு மருமக வந்துட்டான்னு பொறந்தவளுக்கு பாத்தியம் போயிராது கண்ணு, அத ஊரறிய சொல்றதுக்குத்தான் இது"ன்னு. நான் அழுது மேக்கப்பெல்லாம் போச்சு, 6 ஆயிரம் ரூவா மேக்கப்பு.

கைகோர்வை அப்ப போட்டோக்கார தம்பி "ஐயா இன்னொருக்கா கைய கோக்க சொல்லுங்க, லைட்டு வரல"ன்னான். "ஒருக்கா கோத்தா கோத்ததுதான் கண்ணு, மறுக்கா கோக்கோணும்னா வேற மாப்பிள்ள கொண்டா"ன்னாரு பாருங்க, மண்டபமே சிரிச்சிருச்சு. மங்கல வாழ்த்து ஆரம்பிக்கறப்ப வெளிய டிஜேக்காரங்க டொம்மு டொம்முன்னு டெஸ்ட் பண்ணிட்டு இருந்தாங்க, அது நிக்கற வரைக்கும் கைய காட்டி நிறுத்தி வெச்சிட்டாரு. கம்பர் பாடுனதுன்னு வழிவழியா சொல்ற பாட்டு, குடிமகனார் (ஊரு நாவிதர்) ஒவ்வொரு அடியா சொல்ல சொல்ல மேளத்துல ஒரு தட்டு விழுகும், அத கேக்க விடாம என்னத்த கல்யாணம். பாடி முடிச்ச அவர அப்பிச்சி பந்தில தன் பக்கத்துல உக்கார வெச்சுத்தான் சாப்பிட்டாரு. ஒறம்பரைல ரெண்டு பேரு மூஞ்சிய சுளிச்சாங்க, சுளிக்கட்டும்.

எல்லாம் முடிஞ்சு திண்ணைல உக்காந்து வெத்தல போட்டுட்டு பேசிட்டு இருந்தோம். மொத கல்யாணம் செஞ்சு வெச்சப்ப அவருக்கு 31 வயசாம், இப்ப 77. அப்பெல்லாம் பொண்ணூட்டு வாசல்ல தென்னங்கீத்து பந்தல், மூணு நாள் கல்யாணம், மாட்டு வண்டில போயி எறங்குவாராம். இப்ப சாயங்காலம் ஆரம்பிச்சு காலைல ஒம்போது மணிக்கு மண்டபத்த காலி பண்ண சொல்றாங்க, பாதி சீர முழுங்கித்தான் செய்ய வேண்டியிருக்குன்னு சலிச்சுக்கிட்டாரு.

சித்தப்பா பையன் நியூஜெர்சில இருக்கறவன், அங்க ஆபீஸ்ல ஒரு யூதர் கல்யாணத்துக்கு போன கதைய எடுத்தான். அங்கயும் ஒருத்தர் நின்னு நடத்தி வெச்சாராம், ரபின்னு பேரு, பைபிள்ல போதகர்னு வருமே அதே வார்த்தைதான். "அவரு பொறப்புலயே பூசாரிங்களா?"ன்னு கேட்டாரு அப்பிச்சி. இல்லீங்க, படிச்சு வரதுன்னான். நாலு கால் நட்டு மேல துணி கட்டி அதுக்கடியில கல்யாணம், ஒப்பந்தத்த எல்லாரு முன்னாடியும் படிப்பாங்க, கடைசில மாப்பிள்ள ஒரு கண்ணாடி கிளாச கால்ல மிதிச்சு ஒடைப்பாராம். ஜெருசலேம்ல அவங்க கோயில ரோமாபுரிக்காரங்க இடிச்சது கி.பி. 70ல, அது மறக்காம இருக்கறதுக்காமா.

அப்பிச்சி கொஞ்ச நேரம் வெத்தலைய மென்னுட்டே இருந்தாரு. "நல்ல நாள்லயும் எழவ ஒரு ஓரமா வெச்சுக்கறாங்க. நாம தொரத்தி உடறோம்"ன்னாரு. அப்பறம் அவரா சொன்னதுதாங்க இது. ஆரம்பத்துல ஒரு கல்யாணத்துல பொண்ணோட ஆத்தா, புருசன் இல்லாதவங்க, தட்டத்த எடுத்துட்டு முன்னாடி வந்திருக்காங்க. இவரு முறை தப்பக்கூடாதுன்னு அந்தால நில்லும்மான்னுட்டாரு. அவங்க தட்டத்த வெச்சுட்டு சமையக்கட்டுக்கு போனவங்க தாலி கட்டறப்ப கூட வரலையாம். "இத்தன வருசத்துல எத்தன கல்யாணம்னு கணக்கு வெச்சுக்கல சாமி, அந்த ஒண்ணு மட்டும் மறக்க மாட்டீங்குது." எங்க சின்னத்தை, மாமா தவறிப்போனதுல இருந்து எந்த விசேசத்துலயும் முன்வரிசைக்கு வர மாட்டாங்க, அன்னிக்கு காலைல இவரு பேரு சொல்லி கூப்புட்டு மொத ஆசீர்வாதம் பண்ண வெச்சது ஏன்னு அப்பத்தான் எனக்கு புரிஞ்சுது.

கொறைன்னா, காது கொஞ்சம் மந்தம், மைக்கும் புடிக்க மாட்டாரு, மூணாவது வரிசைக்கு அப்பறம் ஒண்ணுமே கேக்காது. வேகமும் கம்மி, மண்டபத்து மேனேஜர் ரெண்டு தடவ வாட்ச்ச காட்டுனாரு. அதுக்கு அர ஸ்டார் கொறச்சிருக்கேன், நாலர.

பீஸ் கேட்டா வாங்க மாட்டாரு, வெத்தல பாக்கு பழத்தோட 101 ரூவா வெச்சோம், அத அருமைக்காரியம்மா முந்தானைல முடிஞ்சுக்கிட்டாங்க. நீங்க கூப்பிடறதா இருந்தா நேருல போயி சொல்லுங்க, போன்ல சொன்னா தேதிய மாத்தி கேட்டுக்குவாரு. கூட்டிட்டு வர காரு ஒசரமில்லாததா அனுப்புங்க, அருமைக்காரியம்மாவுக்கு முட்டி வலி. தை மாசத்துல நாலு முகூர்த்தத்துக்கு ஏற்கனவே சொல்லியாச்சாம்.