ஊர்க்காவல் படையா, வார்டனா, காவல் நண்பரா?

என் அக்கா மகன், நான் 'தம்பி' என்று கூப்பிடுகிறவன், பொறியியல் முடித்துவிட்டு சீருடைப் பணியாளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். போன மாதம் வீட்டுக்கு வந்தவன், "மாமா, அடுத்த தேர்வு எப்போ வரும்னு தெரியல. அதுவரைக்கும் போலீஸுக்கு ஏதாவது ஒத்தாசையா இருக்கலாம்னு பாக்குறேன். எதுல சேரட்டும்?" என்றான். என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. இருபது வருடத்துக்கு முன் நானும் ஒரு அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றியவன்தான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நான் வைத்திருந்தது காவல் நண்பர்கள் குழு அட்டை. ஊரில் 'எஃப்.ஓ.பி.' என்றால்தான் தெரியும். 1993-ல் ராமநாதபுரம் மாவட்டக் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் பிலிப் தொடங்கியது இது. 1991 ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் படுகாயமடைந்து பிழைத்தவர் அவர். போலீஸைப் பார்த்தாலே ஒதுங்கிப் போகிற ஜனங்களில் நாலு பேரை ஸ்டேஷனுக்குள் உட்காரவைத்தால் இரண்டு பக்கமும் பயம் தெளியும் என்பதுதான் யோசனை. அடுத்த ஆண்டே மாநிலம் முழுக்கப் பரவியது. காவல் பயிற்சியில் புதுமைக்காக 2002-ல் பிரிட்டிஷ் மகாராணியின் பெயரிலான விருதும் கிடைத்தது. காகிதத்தில் பார்த்தால் இன்றும் எனக்கு அது நல்ல யோசனைதான்.

தரையில் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். எங்கள் வேலை, ரோந்து போகும் ஏட்டுடன் இன்னொரு வண்டியில் கூடப் போவது. அவர் ஒவ்வொரு பாயிண்டிலும் நிறுத்தி, ரோந்து வந்ததற்கு அடையாளமாக அங்கிருக்கும் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார். ஏ.டி.எம். வாசல், நகைக்கடை ஷட்டர், கோயில் உண்டியல் என்று வரிசையாக. நாங்கள் டார்ச் அடிப்போம். அதுவரை சரி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பையன் பைக்கில் மூன்று பேராக வந்தான். ஏட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். தம்ளரைக் கீழே வைக்காமலே, "தம்பி, லத்திய எடுத்துக்க, அவன ஓரங்கட்டு" என்றார். எடுத்துக்கொண்டு போய் நின்றேன். வண்டியை நிறுத்திவிட்டு அந்தப் பையன் என் செருப்பைப் பார்த்தான், அப்புறம் முகத்தைப் பார்த்தான். "நீங்க போலீஸாண்ணே?" என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். என்னிடம் பதில் இல்லை. ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் கையில் லத்தி எதற்கு?

அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரம்தான் போனேன். அடிதடி எதுவும் நடக்கவில்லை. அந்த ஏட்டும் நல்ல மனிதர்தான். ஆனால் அந்த லத்தியால் நான் யாரையாவது தட்டியிருந்தால் பொறுப்பு யாருடையது என்று எங்கேயும் எழுதப்படவில்லை. கூட என்னோடு அலைந்த சிலருக்கு அது பெரிய போதையாகவே ஆகிவிட்டது. பைக் நம்பர் பிளேட்டில் ஸ்டிக்கர், டோல்கேட்டில் அட்டை நீட்டுவது, பங்காளித் தகராறில் 'ஸ்டேஷன்ல சொல்லட்டுமா' என்று மிரட்டுவது. ஸ்டேஷனில் ஃபேன் காற்று வாங்குகிறவனுக்கும் அதிகாரி என்று நினைப்பு வந்துவிடும்.

2020 ஜூனில் சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லிப் பிடித்துப் போன தந்தையும் மகனும், ஜெயராஜும் பென்னிக்ஸும், காவலில் அடிபட்டு இறந்தார்கள். அந்த வழக்கில் சி.பி.ஐ. விசாரணையில் சிக்கியவர்கள் காவல் துறையினர். ஆனால் காவல் நண்பர்களும் உடனிருந்தார்கள் என்ற குற்றச்சாட்டும் அப்போதே எழுந்தது. அமைப்பின் தரப்பில், எங்கள் ஆட்கள் யாரும் இல்லை என்று மறுத்தார்கள். எனக்கு உறைத்தது அந்த மறுப்பைவிட, அது தேவைப்பட்ட நிலைமை. ஊரடங்கில் செக்போஸ்ட்டில் தடுப்பு பிடிக்க, கூட்டம் கலைக்க என்று பல ஊர்களில் தன்னார்வலர்களைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். எவர் உறுப்பினர், எவர் நேற்று வந்து நின்றவர் என்று தெருவில் போகிறவனுக்கு எப்படித் தெரியும்? அடுத்த மாதமே, 2020 ஜூலையில், காவல் நண்பர்கள் குழுவுக்கு அரசு தடை போட்டது. ஆக, தம்பி கேட்ட பட்டியலில் இந்தப் பெயரை நான் சேர்க்கவே இல்லை. வேறு பெயரில் யாராவது 'சும்மா வந்து ஸ்டேஷன்ல இருப்பா' என்று கூப்பிட்டாலும் போகாதே என்றேன்.

ஊர்க்காவல் படை இதற்கு நேர் எதிர். கவர்ச்சி கொஞ்சமும் கிடையாது, காகிதம் நிறைய. 1946 டிசம்பர் 6-ல் பம்பாயில் கலவரத்தைச் சமாளிக்கத் தொடங்கியது. 1962 சீனப் போருக்குப் பிறகு மாநிலங்களில் எல்லாம் ஒரே மாதிரிப் படையாக அமைத்தார்கள். நம் மாநிலத்துக்கு 1963-ல் தனிச் சட்டமே வந்தது. பத்தாம் வகுப்பு, வயது, உயரம், குற்ற வழக்கு இல்லை என்கிற சான்று, 45 நாள் கவாத்துப் பயிற்சி. நிபந்தனைகள் மாவட்டத்துக்கு மாவட்டம் சற்று மாறும். பணிக்கு அழைக்கப்பட்டு சீருடையில் நிற்கும் நேரத்தில் அவர் சட்டப்படி பொது ஊழியர். அவரைத் தாக்கினாலும் குற்றம், அவர் அத்துமீறினாலும் கேள்வி உண்டு. மேலே படைப்பிரிவுத் தளபதி, வட்டாரத் தளபதி என்று அடுக்கு இருக்கிறது. பையன் 'நீங்க போலீஸாண்ணே' என்று கேட்டால் இவரிடம் பதில் இருக்கும்: "ஊர்க்காவல் படை தம்பி, ஓரமா நிறுத்து."

இதைப் படிக்கிற எல்லாரும் இவர்களைப் பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். தேர்த் திருவிழாவில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் கைகோத்து நிற்பவர்கள், வாக்குச்சாவடி வாசலில் வரிசை சரி பண்ணுகிறவர்கள், வெள்ளத்தில் படகு பிடிக்கிறவர்கள். திருவண்ணாமலை தீபத்துக்குப் போயிருந்தபோது கிரிவலப் பாதையில் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். பகலில் ஆட்டோ ஓட்டுகிறவர். 14 கிலோமீட்டர் பாதையில் எந்த முக்கில் ஜனம் தேங்கும், எந்த இடத்தில் பிள்ளைகள் தொலையும் என்று விரல்விட்டுச் சொன்னார். இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே பிஸ்கட். "தொலைஞ்ச புள்ள அழுதா மொதல்ல இதக் குடுக்கணுங்க, அப்புறந்தான் பேரு கேக்கணும்" என்றார். எந்தக் கவாத்திலும் சொல்லித்தராத பாடம்.

குறை என்னவென்றால் காசு. 'தொண்டு' என்று பெயர் இருந்தாலும் சேருகிறவர்களில் பெரும்பாலோர் பணி நாளுக்குத் தரும் படியை நம்பித்தான் வருகிறார்கள். இமாச்சலப் பிரதேச ஊர்க்காவல் படையினர் போட்ட வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம், பணி நிரந்தரம் கிடையாது என்றது. ஆனால் 30 நாள் படியைக் கூட்டினால் காவலரின் குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சமமாக வரவேண்டும் என்றும் சொன்னது. நல்ல தீர்ப்பு. அதன்பின் தமிழ்நாட்டில் நாள் படி 560 ரூபாயானது. கூடவே பணி நாட்களை மாதத்துக்கு 5 ஆகக் குறைத்தார்கள். 560-ஐ ஐந்தால் பெருக்கிப் பாருங்கள், 2,800. கூலி ஏறியது, வேலை காணாமல் போனது. போராட்டமும் மனுவுமாகக் கொஞ்ச காலம் போனபின் நாள் கணக்கைக் கூட்டினார்கள் என்றாலும், இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. நடத்தலாம் என்று நம்பிச் சேர்ந்து பத்து வருடம் காத்திருக்கிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. இதுதான் எனக்கு இந்தப் படையின் மேல் உள்ள ஒரே கோபம், அதுவும் படை மேல் அல்ல.

இந்த இடத்தில் 2013-ல் வந்த சிறப்புக் காவல் இளைஞர் படையை ஒப்பிட்டுக்கொள்ளலாம். மாதம் 7,500 ரூபாய் தொகுப்பூதியம், பின்னால் தனித் தேர்வு எழுதிக் காவலராகலாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லித்தான் எடுத்தார்கள். அது தொண்டு இல்லை, வேலைக்கான வாசல். அப்படி வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள். ஊர்க்காவல் படையில் அந்த வாசல் இருப்பது போலவும் இல்லாதது போலவும் வைத்திருக்கிறார்கள்.

டிராஃபிக் வார்டன், தமிழில் போக்குவரத்துக் காப்பாளர், வேறு ரகம். இது வயிறு நிறைந்தவர்களின் தொண்டு. குத்தலாகச் சொல்லவில்லை, அதுதான் இதன் பலம். சென்னை, கோவை மாதிரி நகரங்களில் இருக்கிறது. சம்பளமோ படியோ கிடையாது, பெட்ரோலும் நம் கைக்காசு. கடை வைத்திருப்பவர், ஐ.டி. கம்பெனியில் இருப்பவர், ஓய்வு பெற்றவர் என்று வருகிறார்கள். பள்ளி விடும் நேரத்தில், மாலை நெரிசலில் மணிக்கணக்கில் நிற்பார்கள். அபராதம் போட முடியாது, வண்டியைப் பிடித்து வைக்க முடியாது. கையும் விசிலும்தான் ஆயுதம். நிறுத்தாமல் போகிறவன் போய்க்கொண்டே இருப்பான், நாம் புகையைக் குடிக்க வேண்டியதுதான். அதிகாரம் இல்லாததால் அதிகார போதையும் குறைவு. பள்ளிகளில் ஆர்.எஸ்.பி. எனும் சாலைப் பாதுகாப்பு ரோந்துப் பிள்ளைகள் சாலை கடக்க உதவுகிறார்களே, அந்த வேலையின் பெரியவர் வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். வெயில் தாங்குகிற உடம்பும், திட்டு வாங்கினால் சிரிக்கிற குணமும் வேண்டும். தம்பிக்கு இரண்டாவது கிடையாது.

நான்காவது வழி, எங்கும் சேராமலே உதவுவது. ஏ.கே. விஸ்வநாதன் சென்னை ஆணையராக இருந்தபோது 'மூன்றாவது கண்' என்ற பெயரில் தெருத் தெருவாக சி.சி.டி.வி. வைக்கச் சொன்னார்கள். குடியிருப்போர் சங்கங்களும் கடைக்காரர்களும் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். செயின் பறிப்பு வழக்குகளில் அந்தப் பதிவு எவ்வளவு உதவியது என்பது பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நாற்பது வயதுக்கு மேல் போலீஸுக்கு உதவ ஆசைப்படுகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு எச்சரிக்கை உண்டு. கேமரா மாட்டுவது ஒரு நாள் உற்சாகம், அதைப் பார்த்துக்கொள்வது வருடக் கணக்கு. எங்கள் தெருவில் ஒரு பைக் திருட்டுக்குப் பதிவு கேட்டு காவலர் வந்தபோதுதான், கேமரா காட்சியைப் பதிகிற டி.வி.ஆர். பெட்டிக்குள் பல்லி முட்டையிட்டு எட்டு மாதமாக எதுவும் பதிவாகவில்லை என்று தெரிந்தது. சங்கத்தில் யார் பொறுப்பு என்று எழுதி வைக்கவில்லை. மறுபடியும் அதே வியாதி.

சட்டத்தைப் பற்றியும் தம்பிக்கு ஒரு வார்த்தை சொன்னேன். எந்த அட்டையும் இல்லாத சாதாரண ஆளுக்கே, தன் கண்முன் ஜாமீனில் வெளிவர முடியாத, பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்தால் ஆளைப் பிடிக்க உரிமை உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு, அப்படிப் பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. பிடிக்கலாம், ஒப்படைக்கலாம், அவ்வளவுதான். கட்டிவைத்து அடிப்பதும் வீடியோ போடுவதும் அதில் வராது. காவல் நண்பர் அட்டை எனக்கு இதற்கு மேல் ஒரு துளி உரிமையும் தரவில்லை என்பது, அட்டையைத் திருப்பிக் கொடுத்துப் பல வருடம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

சிங்கப்பூரில் இருக்கும் என் நண்பனிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அங்கே உள்ள தன்னார்வச் சிறப்புக் காவல் படையைச் சொன்னான். அதுவும் 1946-ல் தொடங்கியதுதான். பகலில் வேறு வேலை பார்ப்பவர், பணியில் இறங்கினால் வழக்கமான காவலரின் சீருடை, அதே அதிகாரம், அதே பொறுப்பு. நம் ஊர்க்காவல் படைக்கும் அதற்கும் ஒரே வயதுதான். அங்கே தொண்டனை முழுக் காவலராக நடத்துகிறார்கள். இங்கே காவலராக வேலை வாங்கிக்கொண்டு, சம்பளம் கேட்டால் மட்டும் தொண்டன் என்கிறார்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு தம்பி, "அப்ப ஊர்க்காவல் படைதானா?" என்றான். உன் வயசுக்கு, உன் உயரத்துக்கு அதுதான் என்றேன். தேர்வுக்குப் படிக்கிறவனுக்குக் கவாத்து எப்படியும் உதவும், கூட்டத்தை எப்படிக் கையாள்வது என்று பழகிக்கொள்ளலாம். படியை வருமானமாகக் கணக்குப் போடாதே, மூன்று வருடத்துக்கு மேல் இதிலேயே காத்திருக்காதே என்றும் சொன்னேன். அக்காவுக்குத்தான் திருப்தியில்லை. "தெருவுல நின்னு கயிறு புடிக்கவா இஞ்சினியரிங் படிக்க வெச்சேன்?" என்று அடுக்களையிலிருந்தே கேட்டாள். தம்பி பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆயுதப்படை மைதானத்தில் அவர்களுக்குக் கவாத்து நடக்கிறதாம், வேலிக்கு வெளியே நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று என் பைக் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.