கொல்லையில் கண்ணாடி மணி: மூன்று வருட அனுபவம்

சின்ன வயதில் உடைந்த வளையல் துண்டை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி, இளகியதும் இரண்டு முனையையும் சேர்த்து, ஒன்றில் ஒன்று கோத்துச் சங்கிலி செய்திருப்பீர்கள். எங்கள் தெருவில் அரையாண்டு லீவு முழுக்க அதுதான் வேலை. சுடரில் கண்ணாடி மணி செய்யும் லாம்ப்வொர்க்கும் கிட்டத்தட்ட அதே வேலைதான், சுடர் மட்டும் பெரியது. கண்ணாடிக் குச்சியை உருக்கி, மண்பூச்சுப் பூசிய கம்பியில் சுற்றி, ஆறியதும் கழற்றினால் மணி.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வீட்டிலேயே ஆரி வேலை செய்து கொடுக்கிறேன். பட்டின் நிறத்தோடு சரியாகச் சேரும் மணி கடையில் கிடைக்காததால்தான் இதில் இறங்கினேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, சுடர் தரும் கேஸ் டார்ச்சில் எதை வாங்கலாம் என்று. நானும் அதைத்தான் கேட்டேன். மூன்று வருடம் கழித்து என் பதில் இது: டார்ச்சைப் பற்றி அப்புறம் யோசியுங்கள், முதலில் சூளைக்குக் காசு எடுத்து வையுங்கள்.

காரணம் சொல்கிறேன். முதல் வருடம் என்னிடம் சூளை கிடையாது. மாடித்தோட்டக்காரர்கள் வாங்கும் வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகளை ஒரு பாத்திரத்தில் நிரப்பி, சூடான மணியை அதற்குள் புதைத்து ஆறவிடுவேன். பார்க்க நன்றாகவே இருக்கும். அப்படிச் செய்த பதினோரு மணியைக் கோத்து அண்ணன் மகளுக்குக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு மணி இரண்டாகப் பிளந்து அவள் உள்ளங்கையில் கிடந்தது. "அத்தை, நான் ஒண்ணுமே பண்ணலை, தானா விட்டுப்போச்சு" என்று அழுதாள். அவள் சொன்னது உண்மைதான். கண்ணாடியின் மேல்தோல் முதலில் இறுகிவிடும், உள்ளே இன்னும் சூடாக இருக்கும். அந்த உள்பகுதி பிறகு ஆறிச் சுருங்கும்போது இழுவிசை உள்ளேயே தங்கிவிடும். அது இன்றைக்கு உடையலாம், ஆறு மாதம் கழித்தும் உடையலாம். வெர்மிகுலைட் ஆறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அந்த இழுவிசையைப் போக்க, கண்ணாடியை ஒரே வெப்பத்தில் பிடித்து வைத்து, பிறகு படிப்படியாக இறக்க வேண்டும். அதற்குத்தான் சூளை.

அதைக் கண்ணால் பார்க்க வழி உண்டு. மொபைல் டிஸ்ப்ளே சரி செய்யும் கடையில் போலரைஸர் ஷீட் கேளுங்கள். இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சுழற்றினால் ஓரிடத்தில் முழுக்க இருண்டுவிடும். அந்த நிலையில் நடுவில் மணியை வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இழுவிசை இருந்தால் துளையைச் சுற்றி வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும், இல்லாவிட்டால் இருட்டாகவே இருக்கும். ஒளி ஊடுருவும் நிறங்களுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. மீதமிருந்த பத்து மணியில் இப்படிப் பார்க்க முடிந்தவை ஏழு. ஏழும் வெள்ளையாக மின்னின. அந்த வாரமே சூளைக்குச் சொல்லிவிட்டேன்.

என் சூளை உள்ளூரில் செய்தது. இன்சுலேஷன் செங்கல், கரண்டில் சூடேறும் காந்தல் கம்பி, வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் கன்ட்ரோலர். ஒரு டிபன் கேரியர் நிற்கும் அளவுதான் உள்ளே இடம். இத்தாலிய 104 கண்ணாடிக்கு (சூட்டில் விரியும் அளவைக் குறிக்கும் எண் அது) 515 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம், பிறகு மணிக்கு 60 டிகிரி வீதம் 370 வரை இறக்கம், அப்புறம் நிறுத்திவிட்டுக் காலையில்தான் கதவைத் திறப்பேன். வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடருமா, இல்லை முதலிலிருந்து ஆரம்பிக்குமா? கார்த்திகை மழையில் ஒரு ராத்திரி பாதியில் கரண்ட் போய்விட்டது. திறந்து பார்க்கக் கை பரபரத்தது, திறக்கவில்லை. காலையில் பெரிய மணி இரண்டு விரிசல் விட்டிருந்தது. மற்றவற்றை மறுநாள் மெதுவாகச் சூடேற்றி முழுச் சுற்றும் ஓட்டினேன், எல்லாம் தேறிவிட்டன.

இனி டார்ச். முதலில் காற்றை இழுத்து எரியும் ஒற்றை கேஸ் டார்ச் வைத்திருந்தேன். மெதுவாகத்தான் உருகும், சத்தமும் அதிகம். ஆனால் கற்றுக்கொள்ள அந்த வேகமே போதும். வெள்ளையும் தந்த நிறமும் சாம்பல் பூத்து வந்ததால் மனம் சலித்தது. எங்கள் தெருவில் நகை வேலை செய்யும் பத்தர் அண்ணன் ஒருநாள் வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். "நீல நாக்கு முடியற இடத்துக்கு வெளியே பிடிம்மா, உள்ளே பிடிச்சா அழுக்காத்தான் வரும்" என்றார். இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்ததும் பாதிச் சாம்பல் போய்விட்டது. மயில்நீலக் குச்சியில் செங்கல் நிறத் தோல் படிவதும் இதே காரணத்தால்தான். அதில் இருப்பது செம்பு, ஆக்சிஜன் குறைந்த சுடரில் நிறம் மாறிவிடும். சூடான பொருளைத் தண்ணீரில் போடும் பழக்கத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியவில்லை. தங்கம் தாங்கும், கண்ணாடி தாங்காது.

இரண்டாம் வருடம் ஆக்சிஜனும் கேஸும் முனையில் கலக்கும் டார்ச்சுக்கு மாறினேன். கொரோனா சமயத்தில் வாங்கிய, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டரை ஒருவர் பழைய பொருள் விலைக்குக் கொடுத்தார். சிலிண்டர் மாற்றும் அலைச்சல் இல்லை. ஆக்சிஜன் குழாய் இணைப்புகளில் எண்ணெய், கிரீஸ் எதுவும் படவே கூடாது. கேஸுக்கு, சமையல் சிலிண்டரைத் தொடாதீர்கள், அது சமையலுக்கு மட்டும்தான். நான் தனியாக வாங்கிய 5 கிலோ சிலிண்டரைச் சுவருக்கு வெளியே வைத்திருக்கிறேன். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் பள்ளமான இடத்தில் வைக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பற்ற வைக்கிறேன். நைலான், பாலியஸ்டர் புடவையோடு உட்காரவே உட்காராதீர்கள், பருத்திதான்.

கண்ணுக்கு டிடிமியம் கண்ணாடி வேண்டும். சுடரில் கண்ணாடி பட்டதும் கிளம்பும் சோடிய மஞ்சளை அது விழுங்கிவிடும், மணி தெளிவாகத் தெரியும். சாதாரணக் கூலிங் கிளாஸ் எல்லாவற்றையும் மங்கலாக்குமே தவிர அந்த மஞ்சளை எடுக்காது. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மணி சுற்றும் கம்பிக்கு வெல்டிங் கடையில் 2.4 மில்லிமீட்டர் எஸ்.எஸ். டிக் ராடு (துருப்பிடிக்காத எஃகு வெல்டிங் கம்பி) வாங்கி வெட்டிக்கொண்டேன். ஜிங்க் பூசிய கம்பி வேண்டாம், அந்தப் புகை கெடுதல். மண்பூச்சுக்குக் காவிரி வண்டலைக் குழைத்துப் பார்த்தேன். சுவாமிமலையில் சிலை வார்க்க மெழுகின்மேல் அதைத்தானே பூசுகிறார்கள் என்ற நம்பிக்கையில் செய்தது. மணி கம்பியோடு ஒட்டிக்கொண்டது, உடைத்துத்தான் எடுத்தேன். இப்போது சைனா கிளேயும் அலுமினா பொடியும்தான். மழை மாதங்களில் பூச்சு காயவே காயாது. ஈரம் இருந்தால் சுடரில் பொரிந்து உதிர்ந்துவிடும், அதனால் கம்பிகளைச் சூளை மேலேயே நிறுத்தி வைக்கிறேன். துளையைச் சுத்தம் செய்யும்போது மணியை நனைத்துவிட்டுத் தேயுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

குச்சி விஷயத்தில் நான் நிறைய விரயம் செய்தேன். ஃபிரோசாபாத் பக்கத்திலிருந்து கூரியரில் வரும் குச்சி மலிவு, நிறமும் அழகு. ஆனால் இத்தாலியக் குச்சியோடு கலந்தால் விரிசல் விடும். ஒவ்வொரு கண்ணாடியும் சுருங்கும் அளவு வேறு. இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. இரண்டு நிறத்தையும் பக்கத்தில் பக்கமாக ஒட்டி உருக்கி, மெல்லிய இழையாக இழுங்கள். ஆறிய இழை நேராக இருந்தால் சேரும். வில்லாக வளைந்தால் சேராது, வளைவின் உள்பக்கம் இருப்பதுதான் அதிகமாகச் சுருங்கியது. ஆரம்பத்தில் ஒரே இடத்துக் குச்சியில் மூன்று நிறம் போதும்.

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சியவர்களுக்குப் பதம் சொல்லித்தர வேண்டியதில்லை. குச்சி முனையைச் சட்டென்று சுடரில் நுழைத்தால் சிதறும், ஓரத்தில் காட்டிக் காட்டி உள்ளே கொண்டுவர வேண்டும். முனை உருண்டு, தொங்கலாமா என்று யோசிக்கும் நேரம்தான் சரியான பதம். கம்பியின் பூச்சு மங்கலாகச் சிவந்திருக்க, அந்த உருண்டையைத் தொட்டுவிட்டு, கம்பியை நம்மிடமிருந்து வெளிப்பக்கமாக உருட்டினால் அதுவே சுற்றிக்கொள்ளும். அப்புறம் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் ஒரு பக்கமாக இறங்கிவிடும். மின்விசிறி கூடாது, சுடர் ஆடும். சித்திரை, வைகாசியில் விடியற்காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து ஏழுக்கு முடித்துவிடுவேன்.

ஆரி வேலைக்கு இதில் பெரிய விஷயம் துளையின் வாய். கம்பியில் பிடித்த அகலத்துக்குக் கண்ணாடி போதாவிட்டால் ஓரம் கூராக நின்று நூலை அறுக்கும். முதலில் குறுகலாகச் சுற்றி, மேலே இன்னும் கொஞ்சம் சேர்த்தால், உருகும்போது தானே உருண்டு, வாய் தொப்புள் போல உள்ளே குழியும். எனக்கு இது கைவர எட்டு மாதம் ஆனது. ரவிக்கையில் வைக்கும் முன் ஒவ்வொரு மணியிலும் நூலைப் பத்து முறை இழுத்துப் பார்க்கிறேன்.

அண்ணன் மகளுக்கு அந்தப் பதினோரு மணியையும் போன தையில் புதிதாகச் செய்தேன், எல்லாம் ஒளி ஊடுருவும் நிறத்தில். கோக்கும் முன் அவளே ஒவ்வொன்றாக இரண்டு ஷீட்டுக்கும் நடுவில் வைத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். பதினோராவதையும் பார்த்துவிட்டு "இருட்டாத்தான் இருக்கு அத்தை" என்று சொன்ன பிறகுதான் ஊசியை எடுத்தேன்.