385 கிறெயின் குண்டு வாங்கி ஏமாந்த கதை (கனடாவில் இடியன் வைத்திருப்பவர்கள் வாசியுங்கோ)

நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வந்த இடத்தில் இதையெல்லாம் எழுதும் எண்ணம் இருக்கவில்லை. நேற்றிரவு ஒன்ராறியோவில் இருக்கும் அக்காவின் மகன் வட்ஸ்அப்பில் எடுத்து, "மாமா, நானும் ஒரு மஸில்லோடர் வாங்கிட்டன், குண்டு தாறதுக்கு எங்கட ஆள் ஒராள் இருக்கிறார்" என்று சொல்லி ஆளின் அடையாளமும் சொன்னான். அதே ஆள். போன வருசம் எனக்குப் பெட்டி பெட்டியாக ஈயம் விற்ற அதே ஆள்.

மஸில்லோடர் என்பது வேறொன்றுமில்லை, வன்னியில் இடியன் என்போமே, குழலின் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் இட்டு இடிக்கும் துவக்கு, அதுதான். இங்கே அனுமதியில்லாமல் வைத்திருந்தாலே வழக்கு, மான் சுடுவதும் குற்றம், ஆகவே இது முழுக்கக் கனடாக் கதை. ஒன்ராறியோவின் தெற்கே சில பகுதிகளில் மான் வேட்டைக்கு றைபிள் விடமாட்டார்கள், சொட்கன், இடியன், வில் இவைதான். அதனால்தான் நானும் உரிமம் எடுத்து, ஒரு வயதான வெள்ளைக்காரரிடம் பழைய 50 கலிபர் (குழல் விட்டம் அரை அங்குலம்) துவக்கு ஒன்றை வாங்கினேன். துவக்கில் ஒரு குறையுமில்லை. அந்த மனிதர் உருண்டைக் குண்டுதான் போடச் சொன்னார், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குண்டு வாங்கப் போன இடத்தில் முதல் கேள்வியே "அண்ணைக்கு ஊர் எது?" நாவாந்துறை என்றேன். தனக்கும் அங்கே சொந்தம் இருக்கு என்றார், அவ்வளவுதான், நான் மயங்கிவிட்டேன். "அண்ணை, மான் பெரிய சாமான். பாரமான குண்டு போட்டால்தான் விழும்" என்று 385 கிறெயின் (குண்டை நிறுக்கும் அளவு, ஏறக்குறைய 25 கிராம்) கூம்புக் குண்டு இரண்டு பெட்டி தந்தார். குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் புரி எப்படி வெட்டியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது யோசித்தால், அந்தக் கேள்வி கேட்காத ஆளிடம் குண்டே வாங்கியிருக்கக் கூடாது.

50 யார் (கெஜம்) தூரத்தில் கடதாசி வைத்துச் சுட்டேன். ஓட்டை வட்டமாக விழவேண்டும் அல்லவா, சாவித் துவாரம் மாதிரி நீட்டாகக் கிழிந்திருந்தது, அதுவும் ஒன்று அங்கே, ஒன்று இங்கே. குண்டு பக்கவாட்டில் புரண்டு போகிறது என்று அர்த்தம். ஆளுக்குத் தொலைபேசி எடுத்தால், "மருந்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கோ." கூட்டினேன், துவக்கு தாங்கும் அளவுக்குள்தான். தோள்மூட்டு வீங்கியதுதான் மிச்சம்.

பிறகு ஒரு நாள் நானே குழலை அளந்தேன். துவக்கு வெறுமையா என்று முதலில் குச்சியை விட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, குச்சியின் நுனியில் இறுக்கமாகத் துணி சுற்றி அடிவரை இறக்கி, ஒரு கோடு போட்டுவிட்டு மெதுவாக வெளியே இழுத்தால் புரியோடு குச்சியும் திரும்பும். கால் சுற்றுத் திரும்ப எத்தனை அங்குலம் வருகிறதோ அதை நான்கால் பெருக்கவேண்டும். எனக்குப் பதினாறரை அங்குலம், அதாவது 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று. உருண்டைக் குண்டுக்கென்றே வெட்டிய குழல் அது. ஒரே விட்டத்தில் பாரம் கூடினால் குண்டின் நீளம்தான் கூடும், நீளமான குண்டு நேராகப் போக வேகமாகச் சுழலவேண்டும், சுற்றுக் காணாத பம்பரம் தலையாட்டுகிற மாதிரித்தான் என்னுடைய 385 போயிருக்கிறது. புரி 28 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக இருக்கும் இன்லைன் என்னும் இப்போதைய புதுவகை இடியன்களில் இதே பாரம் நன்றாக ஓடும்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். விற்றது விற்றதுதானாம். "உருண்டைதான் வேணுமெண்டால் அதுவும் என்னட்டை இருக்கு அண்ணை" என்றார், நானும் வாங்கினேன், இதற்கு என்னைத்தான் செருப்பால் அடிக்கவேண்டும். பெட்டியில் .490 அங்குலம், 177 கிறெயின் என்று ஒட்டியிருந்தது. முதல் உருண்டையே அதைச் சுற்றிப் போடும் எண்ணெய்த் துணியோடு பாதிக் குழலில் இறுகி நின்றுவிட்டது. மருந்துக்கும் குண்டுக்கும் இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் வெடிக்கலாம், ஆகவே சுடாமல் அதை இழுத்து எடுக்க அரைநாள் போனது.

அப்பா வலைக்கு ஈயம் உருக்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். சுத்த ஈயத்தில் நகத்தால் கீறினால் கோடு விழும். இதில் நகம் வழுக்கியது. கஸ்தூரியார் வீதியில் நகைவேலை செய்து இப்போது ஸ்காபறோவில் இருக்கும் கூட்டாளியின் தராசில் பன்னிரண்டை நிறுத்தோம். 177 கிறெயின் என்றால் பதினொன்றரை கிராம் அளவில் நிற்கவேண்டும். ஒன்றுகூட நிற்கவில்லை, 10.6 இலிருந்து 11.2 வரை ஆளுக்கொரு நிறை. வெட்டிப் பார்த்தால் சிலதுக்குள்ளே காற்றுப் பொந்து. கார்ச்சில்லுக்குப் போடும் ஈயக்கட்டி மாதிரி ஏதோ கலப்பு ஈயத்தை வீட்டில் உருக்கி வார்த்திருக்கிறார் போலும். அதை நம்பி ஒரு உயிர் மீது சுட எனக்கு மனம் வரவில்லை. வேறு குண்டு எடுப்பதற்குள் சீசன் முடிந்துவிட்டது. வேலையில் எடுத்த லீவும் போச்சு, 180 டொலரும் போச்சு.

மருமகனை நேற்றே குழலை அளக்கச் சொன்னேன். கால் சுற்றுக்கு 12 அங்குலமாம், அப்படியென்றால் 48. அதில் உருண்டையும் ஓடும், குட்டையான கூம்பும் ஓடும், இரண்டிலும் கொஞ்சம் வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவெடு, அந்த ஆளிடம் மட்டும் போகாதே என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. இரண்டு பெட்டிக்குக் காசு ஏற்கெனவே அனுப்பிவிட்டானாம்.