ஜிம்னிக்கு லிஃப்ட் கிட் போடப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க

1,15,000 ரூபாய் போச்சு. வயிறு எரியுது, அதனால்தான் இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கோவையில் ஆஃப்ரோடு வண்டி மட்டும் செய்கிற ஒரு மாடிஃபிகேஷன் கராஜ். பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லிவிட்டார். பேசியது இதுதான்: என் மாருதி ஜிம்னி ஜீப்பை ரெண்டு இஞ்ச் உயர்த்துகிற லிஃப்ட், வெளிநாட்டு ஸ்பிரிங் நாலு, ஷாக் நாலு, நீளமான பிரேக் ஹோஸ், உயர்த்தினால் மாறிப்போகிற ஸ்டீயரிங் சாய்வைச் சரிசெய்ய காஸ்டர் புஷ், ஆக்சிலை நடுவில் நிறுத்த அட்ஜஸ்ட் பண்ணுகிற பன்ஹார்டு ராடு. கூலியோடு சேர்த்து 1,15,000.

நம்ப வைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஓனரே டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் வரைக்கும் என் கண் முன்னால் அளந்து, சாக்பீஸால் தரையில் எழுதினார். டீ வந்தது. "உங்க வண்டி இல்லைங்க சார், நம்ம வண்டிங்க" என்றார். டெலிவரி அன்று அதே டேப், அதே இடம்: சரியாக ரெண்டு இஞ்ச் கூடியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் பளபளவென மஞ்சள் ஸ்பிரிங். மீதிப் பணத்தை ஜிபேயில் அங்கேயே அனுப்பினேன். கழற்றிய பழைய ஸ்பிரிங்கைக் கேட்டதற்கு, "ஸ்கிராப்ல போட்டாச்சுங்க."

ஆனைகட்டி ரோட்டில் 70-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் உதறியது. வளைவில் திருப்பினால் தானாக நேராகத் திரும்பவில்லை. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் டொம் டொம் என்று அடி.

போன் செய்தால், "கிட் செட்டாக ஆயிரம் கிலோமீட்டர் ஓடணும் சார்." அப்புறம், "அலைன்மென்ட் பாருங்க." அப்புறம், "மலையில வேகமா ஓட்டுனீங்களா?" அப்புறம் ப்ளூ டிக் மட்டும்.

பொள்ளாச்சி ரோட்டில் ஒரு பழைய மாருதி ஜிப்ஸி ஜீப் மெக்கானிக் வண்டியை ஜாக்கியில் ஏற்றினார். ஸ்பிரிங்கை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். மஞ்சள் உரிந்து, கீழே கம்பெனிக் கறுப்பு. "தம்பி, ஸ்பிரிங்கை மாத்தவே இல்லியே!" என் ஸ்பிரிங்கையே பெயின்ட் அடித்து, மேலே ஸ்பேசர் என்கிற உயரக் கட்டையைச் சொருகியிருக்கிறார்கள். உயரம் வந்துவிடும், டேப்பும் பொய் சொல்லாது. ஆனால் ஷாக்கும் பழைய நீளமே. அதனால் சக்கரம் கீழே இறங்கும் அளவு முன்னைவிடக் குறைந்துபோய், ஷாக் முழுசாக நீண்டு முட்டுகிறது. அதுதான் அந்த டொம். காஸ்டர் புஷ் இல்லை, பன்ஹார்டு ராடும் பழசு, ஆக்சில் ஒரு பக்கம் தள்ளி நிற்கிறது. நீளமான பிரேக் ஹோஸும் போடவில்லை, பழசேதான். குடும்பத்தோடு போன வண்டிங்க இது!

கராஜுக்கு நேரில் போய் ஓனரிடம் கேட்டேன். பில் தரவில்லையே என்றால், "பில்லு போட்டா ஜிஎஸ்டி எக்ஸ்ட்ரான்னு அப்பவே சொன்னோமே." போலீஸுக்குப் போவேன் என்றதும் சிரிக்கிறான்: "போங்க. வண்டியை ஆல்டர் பண்ணுன ஓனர் நீங்கதானே?" தெரிந்து வைத்துத்தான் பேசுகிறான். கம்பெனி கொடுத்த வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, அதையே சொன்ன 2019 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, அப்புறம் 182ஏ-வில் வண்டி ஓனருக்கு மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், இல்லையென்றால் ரெண்டுமே. இந்தப் பயத்தை வைத்துத்தான் பிழைப்பே நடக்கிறது. 1,15,000 ரூபாயை வாங்கிக்கொண்டு என்னையே மிரட்டுகிறான்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. ஜிபே, வாட்ஸ்அப் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடியும். கிட் வந்த பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பழைய ஸ்பிரிங்கைக் கையில் வாங்காமல் மீதிப் பணம் தராதீர்கள். பில் இல்லாத கடைக்குப் போகவே போகாதீர்கள். ஏற்கெனவே லிஃப்ட் போட்டவர்கள் நாளைக்கே சக்கரத்தைத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸைப் பாருங்கள், ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசாகத் திருப்பியும் பாருங்கள்.