வெடிப்பு தாங்கியது, பெயின்ட் தாங்கவில்லை: வீட்டில் திருத்திய பம்பர், பதினான்கு மாதங்களின் பின்

கல்முனையில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் சென்ற கிழமை இரவு, ஏ4 வீதியின் நடுவே படுத்துக் கிடந்த கட்டாக்காலி மாடுகளுக்கு விலகப் போய், காரின் முன்பம்பரை மதகுக் கட்டில் உரசிவிட்டார். படத்தை அனுப்பி, "நீ வீட்டுல செஞ்ச மாதிரி நானும் செய்யட்டா மச்சான்?" என்று கேட்டிருந்தார். ஒரு சொல்லில் விடை தர என்னால் முடியவில்லை. சென்ற வருடம் வைகாசியில் நான் திருத்திப் பெயின்ட் அடித்த பம்பர் மட்டக்களப்புக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் இடையே நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி நான் நல்லது சொல்வதா கெட்டது சொல்வதா என்பது, அன்று காலை எந்தப் பக்கமாகச் சுற்றிப் போய்க் காரில் ஏறினேன் என்பதைப் பொறுத்தது.

முதலில் வெடிப்பைச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் எனக்குச் சிறிதும் நம்பிக்கை இருக்கவில்லை. இடது கீழ் மூலையில் ஒரு சாண் நீளத்துக்குப் பம்பர் பிளந்திருந்தது. இரண்டு குழாய்களில் வரும் எபொக்சிப் பசையைக் கலந்து பூசினேன். கல் போல இறுகிய அது மூன்றாம் நாள் நகத்தால் நெம்பியதும் முழுத் துண்டாகக் கையோடு வந்துவிட்டது. பம்பரைக் கழற்றித் திருப்பிய பிறகுதான் காரணம் புரிந்தது. உட்பக்கத்தில் 'பிபி + இபிடிஎம் - டி20' என்று அச்சாகியிருந்தது: பொலிபுரொப்பிலீனுடன் இறப்பர் வகையொன்றும் நூற்றுக்கு இருபது பங்கு டால்க் மாவும் கலந்த பிளாஸ்டிக். மெழுகு தடவியது போன்ற அதன் மேற்பரப்பில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. உருக்கித்தான் ஒட்ட வேண்டும். (ஒரு சீவலைத் தண்ணீரில் போட்டு, மிதந்தால் பொலிபுரொப்பிலீன் என்று அறியலாம் என்பார்கள். மாவு கலந்தது மூழ்கவும் கூடும் என்பதால், அந்தப் பரீட்சையைவிட அச்செழுத்தை நம்புவதே நல்லது.)

வெடிப்பு மேலும் ஓடாதிருக்க அதன் நுனியில் சிறு துளையிட்டு, உட்பக்கமாகச் சூடேற்றிய கம்பித் தையல்களைக் குறுக்கே பதித்து, வெளிப்பக்கம் பாதி ஆழத்துக்குச் சரிவான வாய்க்கால் வெட்டி, அதே அச்செழுத்துள்ள உடைந்த பம்பரொன்றிலிருந்து அரிந்தெடுத்த கீற்றுகளை 60 வாட் சோல்டரிங் அயனால் அதனுள் உருக்கி நிரப்பினேன். இந்தப் பிளாஸ்டிக் ஏறத்தாழ 160 பாகை செல்சியஸில் உருகும். அவசரப்பட்டு மேலும் சுட்டால் புகைந்து பழுப்பாகி வலுவிழக்கும். எங்கள் ஊர் உப்புக் காற்றை நினைத்துத் துருவேறாத கம்பியையே தேடி வாங்கினேன். அந்தத் தையல் இன்றுவரை அசையவில்லை. சென்ற மாசியில் கல்லடியில் நடைபாதைக் கல்லில் அதே மூலை மறுபடியும் மோதியபோது பக்கத்தில் கீறல் விழுந்ததே தவிர, உருக்கிய கோடு அப்படியே இருந்தது. அன்று அடிபட்ட கவலையைவிட அதைக் கண்ட சந்தோஷமே பெரிதாக இருந்தது என்றால் வீட்டில் எவரும் நம்பவில்லை.

பெயின்ட் வேறு கதை. நிரப்பித் தேய்க்கும் வேலையை நண்பர் அறிவார். ஆனால் தகட்டின் பள்ளங்களை நிரப்பப் பூசும் கட்டலோய்ப் பசையைப் பம்பருக்குப் பூசினால் பிளாஸ்டிக் வளையும்போது அது வளையாமல் வெடிக்கும் என்பதையும், பொலிபுரொப்பிலீனைத் தேய்த்தால் வழவழப்பாகாமல் பஞ்சு போல மயிர் எழும்பும் என்பதையும் மட்டும் நினைவூட்டுகிறேன். எங்கள் பகுதியில் உண்மையான எதிரி காலநிலைதான். மாரியில் அடித்தால் ஈரம் பிடித்து மேற்பூச்சு பால் படிந்தது போல வெளுக்கும். வைகாசி பிறந்ததும் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று தொடங்கிவிடும். ஒன்பது மணிக்குப் பிறகு அடித்தால் துளிகள் பம்பரைச் சேருமுன்பே பாதி காய்ந்து மணல் போலப் படிவதோடு, முற்றத்துத் தூசியும் மேலே ஏறும். அதனால் காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையே, மாமி முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்துக் கொடுக்க, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அடித்து முடித்தேன்.

கார் வெள்ளி நிறம் என்பது என் தலைவிதி. வெள்ளை என்றால் எண்ணைச் சொல்லி டின்னை வாங்கி அடித்துவிட்டுப் போயிருக்கலாம். வெள்ளி நிறத்திலோ உள்ளே மிதக்கும் அலுமினியத் துகள்கள் எப்படிப் படுக்கின்றனவோ அப்படியே நிறம் தெரியும்: ஈரமாக அடித்தால் கறுக்கும், தள்ளி நின்று உலர்வாக அடித்தால் வெளிறும். கதவுத் தூணில் உள்ள நிற எண்ணைப் பார்த்தே வாங்கிய பெயின்ட், மதியம் பொருந்துகிறது. மாலை நாலு மணி வெயிலில் பம்பர் வேறொரு காரிலிருந்து கழற்றி மாட்டியது போலத் தெரிகிறது. இதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது இடது கீழ் விளிம்பில் உள்ள உள்ளங்கை அகலத் துண்டு. பழைய பெயின்ட் இருக்கும் இடத்தில் சாம்பல் நிறப் பிரைமர், அதாவது நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, நேரே பிடிக்கும்; வெறும் பிளாஸ்டிக் தெரியும் இடத்துக்கு அதற்கு முன்பாக நிறமற்ற பிளாஸ்டிக் பிரைமர் அடித்தே ஆக வேண்டும். எனக்கு அது தெரிந்தும், அந்த விளிம்பை அடையும்போது டின் முடிந்துவிட்டது. இன்னொரு டின் வாங்க அடுத்த நாள்வரை காத்திருக்க மனமில்லாமல், இவ்வளவு சிறிய இடம்தானே என்று சாம்பல் பிரைமரை அடித்து மூடினேன். ஐப்பசியில் சேர்விஸ் நிலையத்தில் அழுத்தத் தண்ணீர் பட்டதும் அந்தத் துண்டு அவித்த முட்டைத் தோல் போல உரிந்து தொங்கியது. கழுவிய பையன் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டான். அவன்மேல் குற்றமில்லை என்று சொல்லவும் எனக்குக் கூச்சமாக இருந்தது. அதன் பின் மூன்று தடவை தேய்த்து அடித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக அடித்த இடம் நிற்கிறது, அதன் ஓரத்தில் முன்பு தப்பியிருந்த இடம் கிளம்புகிறது. வாசலில் நிறுத்தினால் வீட்டுப் படியை நோக்கி இருப்பதும் அந்தப் பக்கமேதான்.

மேற்பூச்சுக்கு நான் அடித்தது ஒற்றைக் கலவை டின். கடினமாக்கி சேர்க்கும் இரட்டைக் கலவை இன்னும் உறுதியானது, ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். சின்னப் பிள்ளை ஓடித் திரியும் வீட்டில், முறையான முகக்கவசமும் இல்லாமல் அதை அடிக்க நான் துணியவில்லை. பளபளப்பு மங்கியிருக்கிறது, அதற்காக நான் வருந்தவில்லை.

கணக்கைக் கேட்டால், கராஜில் சொன்னது 22,000 ரூபாய், எனக்குச் சென்றது 14,000 ரூபாயும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும். மறுபடி அடித்த டின்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே நண்பருக்கு என் விடை: வெடிப்பை நீயே உருக்கி ஒட்டு மச்சான், அதில் கராஜ்காரர் உன்னைவிட அதிகம் மெனக்கெடப் போவதில்லை, பெயின்டைப் பெயின்டரிடம் கொடு. நான் மட்டும் அப்படிச் செய்யப் போவதில்லை. பிளாஸ்டிக் பிரைமர் இரண்டு டின் வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறேன். கச்சான் ஓயட்டும், அந்த விளிம்பை வெறும் பிளாஸ்டிக் தெரியும்வரை முழுவதும் சுரண்டிவிட்டுத் தொடங்குவேன்.